கையில் 92 கிரெடிட், பாக்கி 49: பாதியில் நின்ற அறிவியல் பட்டத்தை ஆன்லைனில் முடிக்கும் அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு. பத்து வருடம் முன்பு 92 கிரெடிட்டோடு படிப்பை நிறுத்தியவர், பாக்கி 28தானே, ஆன்லைனில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார். புதிய பல்கலைக்கழகம் அவருடைய பழைய டிரான்ஸ்கிரிப்டை (எடுத்த பாடங்களும் கிரேடுகளும் கொண்ட அதிகாரபூர்வப் பதிவு) பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் 49 எடுக்க வேண்டும் என்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் கிரெடிட்டை எண்ணினார். பல்கலைக்கழகமோ ஒவ்வொரு கிரெடிட்டும் பட்டத்தின் எந்தக் கட்டத்தில் போய் உட்காரும் என்று பார்த்தது. வரலாறு, இலக்கியம் போன்ற பட்டங்களில் இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி பொதுவாக இதைவிடச் சிறியது. எங்கும் பொருந்தாத பாடத்தை எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் என்று ஒதுக்கிவிட இடம் இருக்கும். அறிவியல் பட்டத்தில் அந்த இடம் மிகக் குறைவு.

அந்த 92 எப்படிக் கரைகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கைப் பார்த்துவிடலாம். உயிரியலில் பி.எஸ். முடிக்க விரும்புகிற ஒருவர் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) 58 கிரெடிட் வாங்கியிருக்கிறார். பிறகு குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் நடக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 குவார்ட்டர் கிரெடிட். குவார்ட்டரை செமஸ்டராக்க மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். 51 என்பது 34 ஆகிறது. மொத்தம் 92.

இனி கழித்தல். கால்குலஸ் 4 கிரெடிட்டில் வாங்கியது டி கிரேடு. பெரும்பாலான இடங்களில் சி அல்லது சி மைனஸுக்குக் கீழே இருந்தால் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். 88. காலேஜ் அல்ஜீப்ராவை இரண்டு இடத்திலும் எடுத்திருக்கிறார். ஒரே பாடத்துக்கு ஒருமுறைதான் கிரெடிட். 85. முதல் வருடம் எடுத்த 3 கிரெடிட் கணக்கு, கல்லூரித் தரத்துக்குக் கீழான ஆயத்த வகுப்பு. பட்டக் கணக்கில் சேராது. 82.

அப்படியானால் பாக்கி 38தானே? இங்கேதான் அப்பர் டிவிஷன் என்கிற விதி குறுக்கே வருகிறது. 300, 400 எண் வரிசையில் வரும் மேல்நிலைப் பாடங்கள் இவை. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 120 கிரெடிட்டில் 45 இப்படி மேல்நிலையாக இருந்தாக வேண்டும். ஆரகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் குவார்ட்டர் முறை. அங்கே 180-ல் 60. நம் மாதிரி மாணவரிடம் இருப்பது மரபியலும் நுண்ணுயிரியலும், 12 குவார்ட்டர் கிரெடிட், அதாவது செமஸ்டர் கணக்கில் 8. 45 கேட்கிற இடத்தில் இன்னும் 37 வேண்டும். அது போக மறுபடி எடுக்க வேண்டிய கால்குலஸ் 4, இதுவரை தொடாத இயற்பியல் I, II சேர்ந்து 8. இந்தப் பன்னிரண்டும் கீழ்நிலைப் பாடங்கள் என்பதால் 37-க்குள் அடங்காது. ஆக 49. பட்டம் வாங்கும்போது அவர் கணக்கில் 120 அல்ல, 131 கிரெடிட் இருக்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அவர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 8 கிரெடிட்டைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்திருந்தார். அதே பாடம், பல சமயம் அதே புத்தகம். பல பல்கலைக்கழகங்களில் ஆர்கானிக் 300 எண்ணில் இருக்கும். ஆனால் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருவது பெரும்பாலான இடங்களில் கீழ்நிலை என்றே பதிவாகும். பாடத் தேவை தீர்ந்துவிடும், மேல்நிலைத் தேவை தீராது. அந்த 8 கிரெடிட்டை அவர் பல்கலைக்கழகத்தில் எடுத்திருந்தால் பாக்கி 41 ஆகியிருக்கும். செலவு குறைவு என்று கம்யூனிட்டி காலேஜில் முடிந்தவரை எல்லாவற்றையும் முடித்துவிடச் சொல்லும் அறிவுரை, ஆர்கானிக் விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் தவறான அறிவுரை.

குவார்ட்டரை செமஸ்டராக்குவதில் பின்னக் கணக்கும் ஒரு பொறி. பொது வேதியியல் குவார்ட்டர் முறையில் மூன்று பாகம், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 5 கிரெடிட். மூன்றையும் முடித்தவருக்கு 10 செமஸ்டர் கிரெடிட் கிடைத்து, கெமிஸ்ட்ரி I, II இரண்டும் தீரும். முதல் பாகத்தோடு நிறுத்தியவருக்குக் கிடைப்பது 3.33. செமஸ்டர் முறையின் கெமிஸ்ட்ரி I 4 கிரெடிட், பாடப்பரப்பும் அதிகம். எனவே அந்த 3.33 எலெக்டிவாகப் போய்ச் சேரும்; கெமிஸ்ட்ரி I-ஐ முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நிறுத்துவதாக இருந்தாலும் தொடரை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

மாற்றலில் கிரெடிட் கரைவது அபூர்வமும் அல்ல. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்ததாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-ல் மதிப்பிட்டது.

லேப் என்னும் முடிச்சு

ஆன்லைன் அறிவியல் பட்டத்தில் பலர் தடுக்கி விழுவது லேபில்தான். தியரியை வீடியோவில் கேட்டுவிடலாம். கெமிஸ்ட்ரி I-ன் 4 கிரெடிட்டில் 3 தியரி என்றால் 1 லேப். அந்த ஒரு கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மூன்று மணி நேரம் கையால் வேலை செய்ய வேண்டும். தொலைவில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வீட்டுக்கு வரும் லேப் கிட். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, சிறிய டிஜிட்டல் தராசு, சோதனைக் குழாய்கள், நீர்த்த அமிலமும் காரமும், நிறங்காட்டி, இவையெல்லாம் ஒரு பெட்டியில் வரும். உயிரியல் என்றால் ஸ்லைடுகள், சில பாடங்களில் பதப்படுத்திய பன்றிக் கருவும். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, அளவுகளைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். இதில் வழக்கமாகத் தவறுவது டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவை அளப்பது. கிட்டில் வரும் கரைசல் ஓரிரு முறை செய்து பார்க்கத்தான் போதும். நிறம் மாறும் புள்ளியை முதல் தடவை தாண்டிவிட்டால் இரண்டாவது தடவைக்கு மிச்சம் இருக்காது. முதலில் தண்ணீரை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பழகிவிட்டு, அப்புறம் ரசாயனத்தைத் திறப்பது நல்லது. பெட்டியில் ரசாயனம் இருப்பதால் அமெரிக்காவுக்கு வெளியே அனுப்புவதும் சிக்கல். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிக்க நினைப்பவர், பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கிட்டுக்கும் எல்லை உண்டு. ஆர்கானிக் லேபில் வடித்தல், ரிஃப்ளக்ஸ் போன்றவற்றுக்கு ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வேண்டும், சமையலறையில் நடக்காது. அதனால் இரண்டாவது வழி: வளாகத்துக்கு நேரில் போய்ச் செய்வது. அரிசோனா ஸ்டேட் 2017-ல் உயிர்வேதியியல் பட்டத்தை ஆன்லைனில் தொடங்கியபோது, ஆர்கானிக் லேபுக்கு மட்டும் மாணவர்களை வளாகத்துக்கு வரவழைத்து, ஒரு செமஸ்டர் லேபைச் சில நாட்களுக்குள் அடுக்கி முடிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. படிப்பு ஆன்லைன் என்றாலும் பயணம், தங்குமிடம், வேலையில் விடுப்பு மூன்றும் செலவுக் கணக்கில் வரும். இடங்களும் குறைவு. இந்தக் கோடையைத் தவறவிட்டால் அடுத்த கோடைதான் என்கிற நிலையும் வரலாம்.

மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர லேப் எடுத்து, அந்த கிரெடிட்டைக் கொண்டுபோவது. கீழ்நிலை லேப்களுக்கு இதுவே மலிவான, சிக்கல் இல்லாத வழி. சில கல்லூரிகள் தியரியையும் லேபையும் ஒரே இடத்தில் எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதுண்டு. அதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டம் வாங்கி எங்கே போகப்போகிறோம் என்பதும் லேபைத் தீர்மானிக்கும். மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி போன்ற மேற்படிப்புகளில் சில கல்லூரிகள் வீட்டு லேபை ஏற்பதில்லை. அரசு வேலைகளில் பட்டத்தின் பெயரைவிட டிரான்ஸ்கிரிப்டுக்குள் இருப்பதையே எண்ணுகிறார்கள். அமெரிக்க மத்திய அரசில் வேதியியலர் பணிக்கு, 1320 என்ற எண் வரிசையில், வேதியியலில் 30 செமஸ்டர் மணி, வகை, தொகை நுண்கணிதம் வரையான கணிதம், இயற்பியலில் குறைந்தது 6 செமஸ்டர் மணி கேட்கிறார்கள். பொது அறிவியல் என்ற பெயரில் பட்டம் வாங்கினாலும் இந்த எண்ணிக்கை இருந்தால் தகுதி உண்டு. வேதியியல் சம்பந்தப்பட்ட பட்டம் என்றாலும் எண்ணிக்கை குறைந்தால் இல்லை.

சங்கிலி எத்தனை கண்ணி?

எத்தனை கிரெடிட் பாக்கி என்பதை வைத்துக் காலத்தைக் கணிப்பது அடுத்த தவறு. அறிவியலில் காலத்தைத் தீர்மானிப்பது முன்பாடச் சங்கிலி. கெமிஸ்ட்ரி I முடித்தால்தான் II, அது முடிந்தால்தான் ஆர்கானிக் I, பிறகு ஆர்கானிக் II, அதற்கப்புறம் உயிர்வேதியியல். ஐந்து கண்ணி, ஐந்து பருவம். ஒரே பருவத்தில் எத்தனை பாடம் எடுத்தாலும் இது சுருங்காது. கெமிஸ்ட்ரியே தொடாதவருக்கு 36 கிரெடிட் பாக்கி என்றாலும் கோடைகாலத்தையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்குக் குறைந்து முடியாது. கோடையில் ஆர்கானிக் நடத்தாத இடமென்றால் இரண்டரை வருடம்.

நம் மாதிரி மாணவருக்கு ஆர்கானிக் முடிந்துவிட்டது. அவருக்கு மிச்சமிருக்கும் நீளமான சங்கிலி கால்குலஸ், இயற்பியல் I, இயற்பியல் II. மூன்று கண்ணிதான். எனவே அவருக்குத் தடை கிரெடிட் எண்ணிக்கைதான்: வேலை பார்த்துக்கொண்டு பருவத்துக்கு 6 கிரெடிட் எடுத்தால் 49-ஐ முடிக்க ஒன்பது பருவம், வருடத்துக்கு மூன்று பருவம் என்றால் மூன்று வருடம். முதல் பருவத்திலேயே கால்குலஸை எடுத்துவிட வேண்டும். பயந்து கடைசிக்குத் தள்ளுபவர்கள், மற்ற எல்லாம் முடிந்த பிறகும் இயற்பியலுக்காக இரண்டு பருவம் காத்திருக்கிறார்கள்.

காலாவதி பற்றிய பயம் பாதி உண்மை. பழைய அறிவியல் கிரெடிட்டுக்கு 5, 7, 10 வருடம் என்று வரம்பு வைக்கும் துறைகள் உண்டு. நர்சிங்குக்கான உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களில் இது கடுமை. ஆனால் கிரெடிட் செல்லுமா என்பது ஒரு கேள்வி, அதை அடுத்த பாடத்துக்கு முன்பாடமாக ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. 15 வருடம் முன்பு படித்த ஆர்கானிக்கைப் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, உயிர்வேதியியலில் சேரும் முன் ஒரு திறன் தேர்வு எழுதச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. உண்மையில் அந்தத் தேர்வு மாணவருக்கே நல்லது.

எந்தக் கல்லூரி?

எவ்வளவு பழைய கிரெடிட்டைக் கொண்டுபோனாலும், பட்டம் கொடுக்கும் கல்லூரியில் குறிப்பிட்ட பங்கை எடுத்தாக வேண்டும். இதற்கு ரெசிடென்சி என்று பெயர். வளாகத்தில் தங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆன்லைனில் எடுத்தாலும் சேரும். தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பு குறைந்தது 25 சதவீதம் என்கிறது, அதாவது 120-ல் 30. அரிசோனா ஸ்டேட்டிலும் 30. ஆரகன் ஸ்டேட்டில் கடைசி 75 குவார்ட்டர் கிரெடிட்டில் 45 அவர்களிடமே எடுத்ததாக இருக்க வேண்டும். இந்தக் 'கடைசி' என்ற சொல் முக்கியம். இறுதிக் கட்டத்தில் மலிவாக வெளியே இரண்டு பாடம் எடுக்கலாம் என்ற திட்டத்தை அது கெடுத்துவிடும்.

இந்த விதியைத் தளர்த்துவதற்கென்றே 1970-களில் தோன்றிய மூன்று நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன: நியூயார்க்கில் 1971-ல் ரீஜென்ட்ஸ் வெளிப் பட்டத் திட்டமாகத் தொடங்கி இப்போது எக்செல்சியர் பல்கலைக்கழகமாக இருப்பது, நியூ ஜெர்சியில் 1972-ல் வந்த தாமஸ் எடிசன், கனெக்டிகட்டில் 1973-ல் வந்த சார்ட்டர் ஓக். சிதறிக் கிடக்கும் கிரெடிட்டை ஒன்றுசேர்த்துப் பட்டமாக்குவதே இவற்றின் வேலை. வெளியிலிருந்து வருவதை மிகத் தாராளமாக ஏற்பார்கள். பொதுப் பட்டத்துக்கு இது வேகமான வழிகளில் ஒன்று. அறிவியல் மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைப் பாடம்) வரும்போது, லேபோடு கூடிய மேல்நிலைப் பாடங்களை மாணவர்தான் வேறு எங்காவது தேடி எடுத்துவர வேண்டியிருக்கும். ஆரகன் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் போன்றவை ரெசிடென்சி அதிகம் கேட்டாலும் அந்தப் பாடங்களைத் தாங்களே நடத்துகின்றன. 80 கிரெடிட் வைத்திருக்கும் அறிவியல் மாணவருக்கு இரண்டாவது வகைதான் பெரும்பாலும் பொருந்தும்.

தேர்வு எழுதி கிரெடிட் வாங்கும் வழியையும் ஒரு சொல் சொல்லிவிடலாம். காலேஜ் போர்டின் கிளெப் தேர்வில் 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் பல கல்லூரிகள் கிரெடிட் தரும். தவறினால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். கால்குலஸ் எழுதித் தள்ள அருமையான வழி, 4 கிரெடிட். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் தேர்வு உண்டு, ஆனால் அதில் லேப் கிடையாது. மேஜர் பாடமாக அதை ஏற்பதற்கு அறிவியல் துறைகள் தயங்கும். கிளெப்பை மொழி, சமூக அறிவியல், கணிதம் போன்ற பொதுப் பாடங்களுக்குப் பயன்படுத்துவதே லாபம்.

காகித வேலை

முதலில், படித்த எல்லா இடத்திலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட். தோற்ற பருவம் இருக்கும் கல்லூரியை மறைத்துவிடலாம் என்று தோன்றும். விண்ணப்பத்தில் மறைத்தது பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். மறைப்பதால் பெரிய லாபமும் இல்லை. பெரும்பாலான இடங்களில் கிரெடிட் மட்டுமே வரும், பழைய கிரேடு சராசரி கூட வராது. புதிய கல்லூரியில் சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

டிரான்ஸ்கிரிப்டோடு, படித்த ஆண்டின் பாடத்திட்டமும் வேண்டும். வாரவாரியாகத் தலைப்பு, பாடப் புத்தகம், லேப் மணி நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். டிகிரி ஆடிட்டில், அதாவது எந்தப் பாடம் எந்தத் தேவையைத் தீர்த்தது என்று காட்டும் பட்டியலில், மரபியல் 'உயிரியல் எலெக்டிவ்' என்று தவறாக விழுந்திருந்தால், அதை மேஜர் பாடமாக மாற்றக் கோரும் மனுவுக்கு இதுதான் ஆதாரம். முதல் மதிப்பீட்டை ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் செய்கிறது. மேஜருக்குள் சேர்ப்பதா என்பது துறையின் முடிவு. இரண்டும் வேறு வேறு மேசை. அதனால் ஒரு மேசையில் 'இல்லை' என்று சொன்னதும் கைவிட்டுவிடக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்பு, பாடவாரியான மதிப்பீட்டை எழுத்தில் கேட்க வேண்டும். "சுமார் 80 கிரெடிட் வரும்" என்று சேர்க்கை ஆலோசகர் தொலைபேசியில் சொல்வதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்த 80 எங்கே உட்காரும் என்பதை அவர் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அரியரோடு நின்றவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மார்க் ஷீட் போதாது. பல்கலைக்கழகம் மூடி முத்திரையிட்டோ நேரடியாகவோ அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். பிறகு நேசஸ் கூட்டமைப்பில் உள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம், உதாரணமாக டபிள்யூ.இ.எஸ்.ஸிடம், பாடவாரியான அறிக்கை கேட்க வேண்டும். மொத்தப் படிப்பை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை கிரெடிட் மாற்றலுக்கு உதவாது. நம் பல்கலைக்கழகங்களில் செய்முறைத் தாள் தனி மதிப்பெண்ணோடு இருப்பது இங்கே கைகொடுக்கும்; லேப் செய்ததற்கு அது நேரடிச் சான்று. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம், எச்-1பி வேலையோடும் படிக்கலாம். எஃப்-1 மாணவர் விசாவை முழுக்க ஆன்லைனாக நடக்கும் படிப்புக்குத் தர மாட்டார்கள். வளாகத்தில் படிப்பவருக்கும் பருவத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, 3 கிரெடிட் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும்.

பணத்தில் பழைய பாக்கியே பெரிய தடை. மத்திய அரசு உதவியோடு படித்தவர் பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் விலகினால், உதவியில் ஒரு பகுதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிக் கட்டுகிறது. அந்தத் தொகை மாணவர் பெயரில் கடனாக நிற்கும், கல்லூரி டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கலாம். பலருக்கு இது பல வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள மத்திய விதி, அரசு உதவி பெற்று, கட்டணம் முழுதும் தீர்ந்த பருவங்களின் கிரெடிட்டையாவது தர வேண்டும் என்கிறது. புதிதாக உதவி கேட்கும்போது, வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்துக்கு ஆயுளுக்கு 12 செமஸ்டர் என்ற வரம்பும், 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 கிரெடிட் முயற்சிக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட பழைய கிரெடிட் அந்த 180-க்குள் எண்ணப்படும். எனவே எங்கும் உட்காராத எலெக்டிவ்களையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்பது, கடைசியில் உதவித்தொகையைக் கடிக்கலாம்.

கடைசிப் பருவத்தில் இரண்டு தேதிகள். பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கெடு பெரும்பாலும் அந்தப் பருவத்தின் தொடக்கத்திலோ அதற்கு முந்தைய பருவத்திலோ வந்துவிடும். பாடம் முடிந்தால் பட்டம் தானாக வராது. இன்னொன்று, வெளியே எடுத்த கடைசிப் பாடத்தின் டிரான்ஸ்கிரிப்ட் வந்துசேர வேண்டிய தேதி. கம்யூனிட்டி காலேஜின் கோடை லேப் ஆகஸ்டில் முடிந்து, கிரேடு பதிவாகி, டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்வதற்குள் ஆகஸ்ட் பட்டத் தேதி கடந்துவிட்டால், பட்டத்தில் டிசம்பர் என்று அச்சாகும். வேலைக்கோ மேற்படிப்புக்கோ தேதி கொடுத்திருப்பவர்கள் அந்த லேபை வசந்தகாலப் பருவத்திலேயே முடித்துவைப்பது நல்லது.